காலுறையைக் கழற்றும் நாள்

நரம்பு சுருட்டலுக்குச் சிகிச்சை முடிந்து வீடு திரும்புபவரின் காலில், கணுக்காலிலிருந்து தொடைவரை இறுக்கிப் பிடிக்கும் நீண்ட காலுறை ஒன்று மாட்டப்பட்டிருக்கும். மருந்துக்கடையில் அதற்கு ‘வெரிகோஸ் சாக்ஸ்’ என்று பெயர். அதை எத்தனை நாள் போட்டிருக்க வேண்டும் என்று விசாரித்தால் ஒரே பதில் கிடைக்காது. இரண்டு நாள் போதும் என்பவர் உண்டு. ஒரு வாரம், இரண்டு வாரம், ஆறு வாரம், மூன்று மாதம் என்பவர்களும் உண்டு. ஒரு மாத்திரையின் அளவு இப்படி மருத்துவருக்கு மருத்துவர் மாறினால் நாம் சும்மா இருக்க மாட்டோம். துணி என்பதால் விட்டுவிடுகிறோம். ஆனால் சித்திரை, வைகாசியில் நூறு டிகிரி பாரன்ஹீட்டைத் தொடும் கள்ளக்குறிச்சிச் சமவெளியில், நெல் வயலிலோ கரும்புத் தோட்டத்திலோ அரிசி ஆலையிலோ நாளைக் கழிப்பவருக்கு இந்தக் கேள்வி அற்பமானதல்ல. சிகிச்சைக்குப் பிறகு போடும் காலுறை முதல் சில நாட்களின் வலியைக் குறைக்கிறது. அதைத் தாண்டி அது செய்வதாகச் சொல்லப்படும் மற்றவற்றுக்கு ஆதாரம் மெலிந்தது. ஒரு வாரத்துக்கு மேல் எல்லார் காலிலும் அதைக் கட்டாயமாக்க நியாயம் இல்லை என்பதே என் கட்சி. அதே காலுறை ஆண்டுக்கணக்கில் தேவைப்படும் வேறொரு கூட்டமும் இருக்கிறது. அவர்களுக்குச் சொல்ல வேண்டியதை இவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

முதலில் நோயைப் பார்ப்போம். ஊரில் நரம்பு சுருட்டல் என்கிறோமே தவிர, சுருண்டு புடைப்பது நரம்பு அல்ல. ஆக்சிஜன் குறைந்த இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் சிரை. (தோலுக்கடியில் கயிறுபோல் தெரிவதெல்லாம் நம் பேச்சில் நரம்புதான். அந்த வழக்கைத் திருத்தப் புறப்பட்டால் மருத்துவருக்கு வேறு வேலை பார்க்க நேரம் இருக்காது.) நிற்கும் ஒருவரின் இதயத்துக்கும் கணுக்காலுக்கும் நடுவே ஏறக்குறைய நான்கடி உயரம். அத்தனை உயரத்துக்கு நிற்கும் இரத்தத்தின் எடை கணுக்கால் சிரைமேல் 80 முதல் 90 மில்லிமீட்டர் பாதரசம் அளவுக்கு அழுத்துகிறது. இந்த எடையை எதிர்த்து இரத்தம் எப்படி மேலே ஏறுகிறது என்பது கிணற்றில் மோட்டார் போட்டு இறைப்பவருக்குச் சட்டென்று புரியும். உறிஞ்சு குழாயின் அடியில் ஒரு புட்வால்வு இருக்கிறது. ஏறிய தண்ணீர் திரும்ப இறங்காமல் அது தாங்குகிறது. காலின் சிரைகளுக்குள் அப்படிப்பட்ட வால்வுகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. மோட்டாரின் வேலையைக் கெண்டைக்கால் தசை பார்க்கிறது. ஒவ்வோர் எட்டிலும் அது சுருங்கி ஆழத்துச் சிரைகளைப் பிழிகிறது, இரத்தம் மேலே போகிறது, வால்வு மூடிக்கொள்கிறது. நல்ல காலில் சில எட்டுகள் வைப்பதற்குள் கணுக்கால் அழுத்தம் 30க்குக் கீழே வந்துவிடும். பதுவா நகரத்து உடற்கூற்றியலாளர் ஃபாப்ரீசியஸ் 1603இல் இந்த வால்வுகளைப் படம்போட்டு விளக்கினார். ஆனால் அவை எதற்கு என்பதைத் தவறாகப் புரிந்துகொண்டார். கால்பக்கம் இரத்தம் வேகமாகப் பாய்ந்துவிடாமல் தடுக்கும் மடைகள் என்று நினைத்தார். அவை ஒருவழிக் கதவுகள் என்று கண்டு, 1628இல் இரத்த ஓட்டத்தையே நிறுவியவர் அவருடைய மாணவர் ஹார்வி. கதவு கசிந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. தசை எவ்வளவு இறைத்தாலும் இரத்தம் திரும்ப வந்து நிற்கும். தோலுக்கடியில் ஓடும் சிரை தாங்காமல் விரிந்து நெளியும். மாலையில் கால் கனக்கும், வீங்கும். ஆண்டுகள் போகப் போகக் கணுக்காலின் உட்புறத் தோல் கறுத்து, சிலருக்குப் புண்ணாகும்.

சிகிச்சை என்பது கசியும் குழாயை ஓட்டத்திலிருந்து விலக்குவது. இதைக் கேட்டதும் பலருக்குப் பயம் வரும்: குழாயையே மூடிவிட்டால் இரத்தம் எந்த வழியாகப் போகும்? காலின் இரத்தத்தில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு ஆழத்துச் சிரைகள் வழியாகவே போகிறது. தோலடிச் சிரை ஒரு கிளை வாய்க்கால்தான், அதுவும் பின்னோக்கி ஓடும் வாய்க்கால். முன்பெல்லாம் அரையிடுக்கில் வெட்டி, சிரையைக் கட்டி, ஒரு கம்பியைச் செலுத்தி முழங்கால்வரை உருவி எடுப்பார்கள். உருவப்பட்ட இடத்தில் தொடை நெடுக இரத்தம் கட்டிக் கன்றிப்போகும். அதை அடக்க இறுக்கிக் கட்டுப் போடுவதும், கட்டைப் பிரித்தபின் வாரக்கணக்கில் காலுறை போடச் சொல்வதும் அந்தக் காலத்துப் பழக்கம். 2000ஆம் ஆண்டை ஒட்டி லேசர், ரேடியோ அதிர்வலை என்று வேறு வழிகள் வந்தன. அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டே சிரைக்குள் மெல்லிய இழையைச் செலுத்துகிறார்கள். சுற்றிலும் மரப்பு மருந்து கலந்த நீரை ஏற்றிச் சிரையை நெருக்குகிறார்கள். உள்ளிருந்து சுட்டுக்கொண்டே இழையை வெளியே இழுக்கிறார்கள். சுவர் சுருங்கி ஒட்டிக்கொள்கிறது. அடுத்த மாதங்களில் உடல் அதைத் தழும்பாக்கிக் கரைத்துவிடுகிறது. பெரிய வெட்டு இல்லை, உருவப்பட்ட பள்ளம் இல்லை. நுரை மருந்தைச் செலுத்தியும், பசை வைத்தும் சிரையை மூடுகிறார்கள். சிகிச்சை இவ்வளவு மாறிவிட்டது. மருந்துச் சீட்டின் கடைசி வரி மட்டும் மாறவில்லை.

காலுறைக்குள் இருக்கும் இயற்பியல் அழகானது. அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தின் டொலிடோ நகரில் இருந்த பொறியாளர் கான்ராட் ஜோப்ஸ்டுக்குக் காலில் சிரை நோய். நீச்சல்குளத்தில் கழுத்தளவு தண்ணீரில் நிற்கும்போது வலி விடுவதைக் கவனித்தார். ஆழம் கூடக் கூடத் தண்ணீரின் அழுத்தமும் கூடும்; கணுக்காலில் அதிகமாகவும் தொடையில் குறைவாகவும் வெளியிலிருந்து காலைப் பிடிக்கும். உள்ளே இரத்தம் எப்படி அழுத்துகிறதோ அதே கணக்கில் வெளியே தண்ணீர். இதைத் துணியில் நெய்ய முடியுமா என்று அவர் யோசித்ததன் விளைவுதான் 1950களில் பரவிய படிநிலை அழுத்தக் காலுறை. கணுக்காலில் நூறு பங்கு அழுத்தம் என்றால் கெண்டைக்காலில் சுமார் எழுபது, தொடையில் நாற்பது. இந்த ஏற்பாட்டுக்குப் பின்னால் ஒரு விதி இருக்கிறது. துணியின் இழுவிசை ஒன்றாக இருந்தால், சுற்றப்படும் பொருள் மெலிதாக இருக்கும் இடத்தில் அழுத்தம் கூடும், பருமனாக இருக்கும் இடத்தில் குறையும். மெலிந்த கரும்புக் கட்டையும் பருத்த கட்டையும் ஒரே வலுவில் கயிறு இழுத்துக் கட்டினால் மெலிந்ததில்தான் கயிறு அதிகம் அமுங்கும். ஆகவே காலுறைக்குக் காலின் அளவே உயிர். கணுக்கால், கெண்டைக்கால், தொடை மூன்றையும் காலையில், வீக்கம் ஏறுமுன், டேப்பால் அளந்து வாங்கியதே காலுறை. மற்றதெல்லாம் வெறும் இறுக்கமான துணி. தொடையில் நிற்காமல் நழுவுகிறதென்று மேல் விளிம்பை மடித்துவிட்டால் அந்த இடத்தில் துணி இரண்டடுக்காகி அழுத்தம் ஏறக்குறைய இருமடங்காகும். கீழே அதிகம், மேலே குறைவு என்ற கணக்கு தலைகீழாகி, இரத்தத்தை மேலேற்ற வந்த துணியே கயிறுபோல் கட்டித் தடுக்கும்.

சிகிச்சைக்குப் பிந்தைய காலுறைக்குச் சொல்லப்படும் காரணங்கள் பொதுவாக நான்கு: சுட்ட சிரை மறுபடி திறந்துகொள்ளாமல் இருக்கும், வலியும் கன்றலும் குறையும், ஆழத்துச் சிரையில் இரத்தம் உறையாது, நோய் திரும்ப வராது. முதல் காரணத்தைப் பரிசோதனைக்கு முன்பே கணக்கைக் கொண்டு சோதிக்கலாம். வியன்னாவைச் சேர்ந்த பார்ட்ச் குழுவினர் 2005இல் வெளியிட்ட ஆய்வில், காலின் சிரையை வெளியிலிருந்து முழுவதுமாக அமுக்கி மூட எவ்வளவு அழுத்தம் தேவை என்று அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டே அளந்தார்கள். படுத்திருக்கும்போது 20 முதல் 25 மில்லிமீட்டர் போதுமாக இருந்தது. உட்கார்ந்தால் 50 முதல் 60. நின்றால் சுமார் 70. இரண்டாம் வகுப்புக் காலுறை என்று நமக்கு எழுதித் தரப்படுவது கணுக்காலில் தருவதே, பிரிட்டிஷ் அளவீட்டில் 18 முதல் 24, ஐரோப்பிய அளவீட்டில் 23 முதல் 32. தொடையில் அதில் பாதிகூட இருக்காது. அப்படியானால் நிற்கும் மனிதரின் தொடைச் சிரையை இந்தத் துணி மூடிவைத்திருக்கிறது என்பது கணக்கில் நிற்காத நம்பிக்கை. சிரை மூடியிருப்பது அதன் சுவர் வெந்து ஒட்டிக்கொண்டதால். அந்த வேலை அறுவை அரங்கிலேயே முடிந்துவிடுகிறது.

கணக்கு சொன்னதைப் பரிசோதனைகளும் சொல்லின. உருவி எடுக்கும் அறுவை செய்துகொண்ட 220 பேரை, ஒரு வாரம் காலுறை போடுபவர்கள், மூன்று வாரம் போடுபவர்கள் என்று சீட்டுக் குலுக்கிப் பிரித்த ஓர் ஆய்வு 2007இல் வெளிவந்தது. வலியிலோ, சிக்கல்களிலோ, வேலைக்குத் திரும்பிய நாளிலோ, நோயாளியின் மனநிறைவிலோ மூன்று வாரக்காரர்களுக்கு எந்த அனுகூலமும் இல்லை. கவனியுங்கள், இது பழைய வெட்டு அறுவைக்கே கிடைத்த முடிவு. லேசர் சிகிச்சைக்குப் பிறகு இரண்டு நாள் போதுமா, ஏழு நாள் வேண்டுமா என்று நெதர்லாந்தில் ஆராய்ந்து 2013இல் வெளியிட்டார்கள். ஏழு நாள் போட்டவர்களுக்கு முதல் வாரத்தில் வலி குறைவு, நடமாட்டம் எளிது. ஆறு வாரம் கழித்து இரு தரப்பும் ஒன்றுதான். சீனாவில் நடந்து 2016இல் வெளியான ஆய்வு 400 பேரைக் கொண்டது. ஒரு பாதிக்கு இரண்டு வாரம் காலுறை, மறு பாதிக்குக் காலுறையே இல்லை. போட்டவர்களுக்கு முதல் வாரத்தில் வலியும் வீக்கமும் குறைவு. அதற்குப் பிறகு வித்தியாசம் இல்லை. லண்டனில் 206 பேரிடம் நடந்து 2021இல் வெளியான கோமெட்டா ஆய்விலும், ஏழு நாள் காலுறை போட்டவர்களின் வலி இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள்வரை தெளிவாகக் குறைந்திருந்தது. சிரை மூடியிருப்பதில் வேறுபாடு இல்லை. பின்லாந்திலிருந்தும் 2020இல் ஓர் ஆய்வு வெளியானது. ரேடியோ அதிர்வலையும் நுரை மருந்தும் பெற்ற 177 பேரில் ஒரு பிரிவினருக்குக் காலுறையே தரவில்லை. அவர்கள் எந்த வகையிலும் பின்தங்கவில்லை. இந்த ஆய்வுகளில் எதுவும் தனியாக நின்றால் பெரிய சாட்சி ஆகாது. எண்ணிக்கை சிறியது, காலுறை போட்டிருக்கிறோமா இல்லையா என்பது நோயாளிக்கே தெரியும் என்பதால் வலியை மதிப்பிடுவதில் மனமும் கொஞ்சம் விளையாடும். ஆனால் வேறு வேறு நாட்டில், வேறு வேறு முறையில் நடந்தும் எல்லாம் ஒரே திசையைக் காட்டுகின்றன. பயன் இருந்தால் முதல் வாரத்தில் இருக்கிறது, அது வலியில் இருக்கிறது. இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2013 ஜூலையில் தந்த வழிகாட்டுதல், சிகிச்சைக்குப் பின் அழுத்தக் காலுறை தருவதானால் ஏழு நாளுக்கு மேல் வேண்டாம் என்றது. ஐரோப்பிய இரத்தநாள அறுவை மருத்துவர் சங்கத்தின் 2022ஆம் ஆண்டு வழிகாட்டுதல் காலுறையைப் பரிசீலிக்கச் சொல்கிறது. எத்தனை நாள் என்பதை ஆளுக்கு ஆள் பார்த்து முடிவு செய்யச் சொல்கிறது. அதுவும் ஆறு வாரத்தைப் பொது விதியாக்கவில்லை.

இங்கே ஒரு மறுப்பு எழும், அது லேசானதல்ல. வலி போகட்டும், ஆழத்துச் சிரையில் இரத்தக்கட்டி உருவாகி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்தாயிற்றே, அதைத் தடுக்கத்தானே காலுறை என்பார்கள். பயம் நியாயமானது. கட்டியைத் தடுக்கும் வேலையைக் காலுறை செய்கிறதா என்பதுதான் கேள்வி. அதற்கு ஓரளவு பதில் வேறு துறைகளிலிருந்து வந்திருக்கிறது. பக்கவாதத்தால் படுத்திருப்பவர்களுக்குத் தொடைவரை காலுறை போட்டுப் பார்த்த பெரிய ஆய்வு 2009இல் வெளியானது. இரத்தக்கட்டி குறையவில்லை, தோல் புண்களோ கூடின. பிரிட்டனில் அறுவை சிகிச்சைக்கு வந்த சுமார் 1,900 பேரிடம் நடந்து 2020இல் வெளியான கேப்ஸ் ஆய்வில், இரத்தம் உறையாமைக்கான ஊசியை மட்டும் பெற்றவர்களில் 1.7 சதவீதத்தினருக்கும், ஊசியோடு காலுறையும் போட்டவர்களில் 1.4 சதவீதத்தினருக்கும் கட்டி ஏற்பட்டது. புள்ளியியலின்படி இது வேறுபாடே இல்லை. காலுறையை விட்டுவிடலாம் என்பதே ஆய்வாளர்களின் முடிவு. இவை நரம்பு சுருட்டல் சிகிச்சையைப் பற்றிய நேரடிச் சாட்சியம் அல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காலுறை கட்டியைத் தடுக்கும் என்று சொல்பவர்தான் அதற்குச் சான்று காட்ட வேண்டும். லேசர் முடிந்த சில நிமிடங்களில் எழுந்து நடக்கச் சொல்கிறார்களே, அந்த நடைதான் கெண்டைக்கால் மோட்டாரை ஓட்டுகிறது. முன்பே கட்டி வந்தவர், புற்றுநோய் உள்ளவர், நடக்க முடியாதவர் ஆகியோருக்கு மருத்துவர் ஊசி மருந்தை யோசிப்பார். அவர்களைச் சாக்ஸை நம்பி வீட்டுக்கு அனுப்புவதுதான் ஆபத்து.

அடுத்த மறுப்பு எளிமையானது, அதனாலேயே அதிகம் கேட்கப்படுவது: பயன் இருக்கிறதோ இல்லையோ, போட்டால் என்ன கெட்டுவிடும்? கெடும். காலுக்கு நல்ல இரத்தம் கொண்டுவரும் தமனிகள் அடைபட்டிருப்பவருக்கு வெளி அழுத்தம் கேடு. பல்லாண்டு பீடி குடித்தவர், நீண்டகாலச் சர்க்கரை நோயாளி இருவருக்கும் அந்த அடைப்பு இருக்கக்கூடும். பாதத்தில் நாடி பார்க்காமல், தேவைப்பட்டால் கணுக்காலிலும் கையிலும் இரத்த அழுத்தத்தை அளந்து ஒப்பிடாமல், காலுறை மாட்டக் கூடாது. சர்க்கரையால் உணர்ச்சி மரத்த பாதத்தில் துணியின் ஒரு சுருக்கம் அழுத்திப் புண்ணாக்கினாலும் நோயாளிக்குத் தெரியாது. வியர்வையில் ஊறிய நைலான் துணிக்குள் படையும் அரிப்பும் வரும். இத்தனைக்கும் மேலே பணம் இருக்கிறது. நல்ல காலுறை ஒரு ஜோடி ஆயிரங்களில் விற்கிறது. 2025-26ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைத் திட்டத்துக்கு அறிவிக்கப்பட்ட நாள் கூலி 336 ரூபாய். நீண்ட நாள் போடச் சொன்னால் துவைத்து மாற்ற இரண்டு ஜோடி வேண்டும். சுமார் ஆறு மாதத்தில் எலாஸ்டிக் தளர்ந்து புதிதாக வாங்க வேண்டும்.

போடச் சொன்னால் போடுகிறார்களா என்பது இன்னொரு கேள்வி. அமெரிக்காவின் மிசிசிப்பியில் சேஷாத்ரி ராஜு குழுவினர் நாள்பட்ட சிரை நோயோடு வந்த 3,144 பேரைக் கேட்டு 2007இல் எழுதினார்கள்: தினமும் காலுறை போட்டவர்கள் 21 சதவீதம்தான், 63 சதவீதத்தினர் போடவே இல்லை அல்லது கைவிட்டுவிட்டார்கள். ஏர்கண்டிஷன் உள்ள நாட்டிலேயே இந்த நிலை. சின்னசேலத்து மரவள்ளிக் காட்டிலும் சங்கராபுரத்து நடவு வயலிலும் என்ன ஆகும் என்று ஊகிப்பது கடினமல்ல. போடாதவர் மருத்துவரிடம் அதைச் சொல்ல மாட்டார். ‘போட்டேன்’ என்பார். பிறகு நோய் திரும்பினால் குற்றம் தன்னுடையது என்று நம்பிக்கொண்டு வாயை மூடிக்கொள்வார். கடைப்பிடிக்க முடியாத கட்டளை இப்படிப் பொய்யையும் குற்ற உணர்வையும் மட்டுமே வளர்க்கிறது. ஏழு நாள் என்று சொன்னால் பெரும்பாலானோர் பல்லைக் கடித்துக்கொண்டாவது போட்டுவிடுவார்கள். பயன் இருப்பதும் அந்த ஏழு நாளில்தான்.

ஆய்வெல்லாம் வெள்ளைக்கார நாட்டிலும் சீனாவிலும் நடந்தவை, நம் ஊர் நிலைமை வேறு என்று ஒருவர் சொல்லலாம். சொல்வது சரி. கள்ளக்குறிச்சி 2019 நவம்பரில் தனி மாவட்டமானது. சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரி 12 அன்று திறக்கப்பட்டது. ஆனால் மாவட்டத்தின் மேற்கே கல்வராயன் மலையில் வாழ்பவருக்கு மருத்துவமனை இன்னும் பக்கத்தில் வந்துவிடவில்லை. வெள்ளிமலையிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக வளைந்து வளைந்து இறங்க வேண்டும். சாலையை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் மலைக் கிராமத்தவர் முதலில் சாலைவரை நடக்க வேண்டும். சாமையும் மரவள்ளியும் பயிரிட்டுப் பிழைக்கும் ஒருவரை ‘வாரம் ஒரு முறை வந்து காட்டு’ என்று சொல்வது எழுதுவதற்கு எளிது. மறுபடி பார்க்க வாய்ப்பில்லாதபோது, கூடுதல் நாள் போடச் சொல்வதே பாதுகாப்பு என்ற வாதம் இங்கே பிறக்கிறது. நான் இதே நிலைமையிலிருந்து நேர்மாறான முடிவுக்கு வருகிறேன். மடிந்த விளிம்பையும், கறுத்த விரலையும், துணிக்கடியில் உருவாகும் புண்ணையும் பார்த்துச் சொல்ல ஆள் இல்லாத இடத்தில், இறுக்கும் பொருள் ஒன்றைக் காலக்கெடு இல்லாமல் மாட்டி அனுப்புவது எப்படிப் பாதுகாப்பாகும்? அந்தத் துணியை ஏற்றவும் இறக்கவும் கையில் நல்ல வலு வேண்டும். குனிய முடியாத முதியவருக்குத் துணையாள் வேண்டும். தூரத்து ஊருக்குப் போகிறவருக்குத்தான் கெடு தெளிவாகவும் குறுகியதாகவும் இருக்க வேண்டும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். மலையேறி இறங்குபவருக்கு இந்த நோய் வராது என்று யாரும் எண்ண வேண்டாம். பிறப்பிலேயே வால்வின் வலு குறைந்தவர் எங்கும் உண்டு, பிள்ளைப்பேறு எங்கும் உண்டு. ஆனால் சிகிச்சை முடிந்தபின் அந்த ஏற்ற இறக்கப் பாதை கெண்டைக்காலுக்குத் தரும் வேலையை எந்த நைலான் துணியும் தராது.

ஒரு மறுப்பை மட்டும் நான் பாதி ஏற்கிறேன். புடைத்த சிரைகளைச் சிறு சிறு கீறல் வழியே கொக்கி போட்டுப் பிடுங்கி எடுத்திருந்தால், கன்றலும் வீக்கமும் கூடுதலாக இருக்கும். காலுறையின் ஆறுதலும் அதற்கேற்பக் கூடலாம். அப்படிப்பட்டவர் பத்து நாள் போட விரும்பினால் போடட்டும். நீண்ட நேரம் நின்றே வேலை பார்ப்பவர், மாலையில் கால் வீங்குகிறது, போட்டால் சுகமாக இருக்கிறது என்றால் அவரும் போட்டுக்கொள்ளட்டும். சுகத்துக்காக ஒருவர் தானே விரும்பிப் போடுவது வேறு. போடாவிட்டால் நோய் திரும்பும் என்று மிரட்டிப் போடவைப்பது வேறு. நோய் திரும்புவதற்குப் பெரும்பாலும் காரணம் வேறொரு சிரையில் புதிதாக வால்வு பழுதாவதும், மூடிய இடத்தருகே புதுக் கிளைகள் முளைப்பதும். ஆறு வாரம் காலுறை போட்டதால் அந்த வால்வுகள் வலுப்பெற்றுவிடாது.

இனி ஆண்டுக்கணக்கில் காலுறை தேவைப்படும் மற்றக் கூட்டம். கணுக்காலுக்கு மேலே ஆறாத புண்ணோடு வருடக்கணக்கில் அலைபவர்கள், புண் ஆறியும் தோல் கறுத்துத் தடித்திருப்பவர்கள், ஆழத்துச் சிரையே பழுதானவர்கள். இவர்களுக்கு அழுத்தமே முதன்மை மருந்து. பிரிட்டனில் 500 பேரிடம் நடந்து 2004இல் வெளியான எஸ்கார் ஆய்வு ஒரு செய்தி சொன்னது. அழுத்தக் கட்டு மட்டும் போட்டவர்களில் 28 சதவீதத்தினருக்கு ஓராண்டுக்குள் புண் திரும்பியது. கட்டோடு அறுவையும் செய்துகொண்டவர்களில் 12 சதவீதம்தான். 450 பேரைக் கொண்ட எவ்ரா ஆய்வு 2018இல் வந்தது. அதில் இரு பிரிவினருக்கும் அழுத்தக் கட்டு உண்டு. கசியும் சிரையைத் தாமதிக்காமல் மூடியவர்களுக்குப் புண் ஆற 56 நாள், தள்ளிப்போட்டவர்களுக்கு 82 நாள். அழுத்தம் வேண்டும், சிரையையும் சீக்கிரம் மூட வேண்டும் என்பது இதன் பொருள். நம் ஊர்களில் இந்தப் புண்ணோடு இருப்பவர் பச்சிலையும் மஞ்சளும் களிம்பும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கிறார். காலை இறுக்கிக் கட்ட வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்வதில்லை. லேசர் முடிந்து நலமாக நடக்கும் முப்பத்தைந்து வயதுக்காரருக்கு ஆறு வாரக் காலுறை, ஏழு ஆண்டுப் புண்ணுக்கு வெறும் பஞ்சும் துணியும் என்றிருப்பதைத் தலைகீழ் வைத்தியம் என்றுதான் சொல்ல வேண்டும். அரசு மருத்துவமனைகளுக்குக் காலுறை வாங்கப் பணம் இருக்குமானால் அது முதலில் இந்தப் புண்காரர்களுக்குப் போகட்டும்.

காலுறையைப் பற்றிப் பேசும்போது நாற்காலியை மறந்துவிடுகிறோம். துணிக்கடையில், நகைக்கடையில், உணவகத்து அடுப்படியில் பத்து மணிநேரம் அசையாமல் நிற்பவரின் கெண்டைக்கால் மோட்டார் ஓடுவதே இல்லை. இரத்தத் தூணின் எடை முழுவதும் வால்வுகளின் தலையில். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021இல் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்து, ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று விதித்தார்கள். கேரளம் 2018இலேயே இதைச் செய்திருந்தது. சிகிச்சை முடிந்தவரை அதே தரையில் அதே பத்து மணிநேரம் நிறுத்திவிட்டுக் காலில் சாக்ஸ் இருக்கிறதா என்று கேட்பதைவிட, கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவில் எத்தனை கடையில் அந்த நாற்காலி இருக்கிறது என்று தொழிலாளர் துறை எண்ணிப் பார்ப்பது மேல்.

சிகிச்சைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மருத்துவர் சொன்ன காலுறையை இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு நீங்களாகக் கழற்ற வேண்டாம். உங்களுக்கு ஆழத்துச் சிரை நோயோ பழைய புண்ணோ இருக்கலாம், அவருக்கு ஒரு காரணம் இருக்கலாம். எதற்காக இது, எந்தத் தேதியில் கழற்றலாம் என்ற இரண்டையும் கேட்டு, தேதியைச் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். அளவு எடுக்காமல் கொடுத்தால் வாங்காதீர்கள். விரல்கள் மரத்தாலோ நீலம் பூத்தாலோ உடனே கழற்றுங்கள். ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தாலோ, மூச்சுத் திணறினாலோ, காலுறை போட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும், அடுத்த பஸ்ஸுக்குக் காத்திராமல் 108ஐக் கூப்பிடுங்கள்.